பிரிக்காத டப்பா: ஆஸ்துமா வகுப்புகளில் நான் கற்றுக்கொண்டவை

அந்தத் தாய் என்னுடைய நான்கு வகுப்புகளுக்கும் தவறாமல் வந்தவர். முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவர். கேள்வி கேட்டால் முதலில் பதில் சொல்பவரும் அவர்தான். வகுப்புகள் முடிந்த மறு வாரமே அவருடைய ஏழு வயது மகனை நள்ளிரவில் அவசரப் பிரிவில் சேர்த்தார்கள் என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடியில் ஒரே அறை. அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை, அதிலேயே பையனின் படிப்பு. சன்னலோரச் சுவரில் ஈரம் கோத்து, பூஞ்சை கருப்பாகப் படர்ந்திருந்தது. "தினமும் கொடுக்கச் சொன்ன மருந்தைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்றேன். அலமாரியின் மேல்தட்டில், மடித்து வைத்த துணிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறிய இன்ஹேலர் டப்பாவை எடுத்தார். டப்பாவின் மூடியில் ஒட்டியிருந்த முத்திரைத் தாள்கூடக் கிழிபடவில்லை.

"இது விலை கூடின மருந்து, அக்கா. அவனுக்கு ரொம்ப முடியாமல் போனால் கொடுக்கலாம் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்றார்.

அந்த டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு பேச்சற்று நின்றேன். தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து என்றால் என்ன, இழுப்பு வரும்போது எடுக்கும் நிவாரண மருந்து என்றால் என்ன என்று வகுப்பில் பிழையில்லாமல் சொன்னவர் அவர். பாடம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் எதையும் வீணாக்காமல், தேவை வந்தால் மட்டும் எடுத்துச் செலவழித்துப் பழகிய குடும்பம் அது. ஓடியாடி விளையாடும் பிள்ளைக்கு மருந்து கொடுப்பது அவருக்கு வீண்செலவாகப் பட்டது. அதை அவர் மறைக்கவில்லை. நான்தான் நான்கு வாரமும் கேட்கவே இல்லை.

என் மகளுக்கும் மூன்று வயதிலிருந்து ஆஸ்துமா. அவளோடு மருத்துவமனைக்கு அலைந்த அலைச்சல்தான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது. பயிற்சி பெற்று, நகரத்தின் நெரிசலான குடியிருப்புகளில் ஒன்பது ஆண்டுகளாக ஆஸ்துமா வகுப்பு நடத்துகிறேன், வீடு வீடாகவும் போகிறேன். அந்தப் பிரிக்காத டப்பாவைப் பார்த்த பிறகு என் வகுப்பை அடியோடு மாற்றினேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கும், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. "உங்கள் வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருக்கிறதா?" என்று கேட்டால் பத்து வீட்டில் எட்டு வீட்டார் இல்லை என்பார்கள். "வீசிங் உண்டா? இழுப்பு, இளைப்பு? ராத்திரி விடாத இருமல்?" என்று கேட்டால் அதே வீடுகளில் பாதியில் கை உயரும். "அது வெறும் வீசிங்தான், ஆஸ்துமா எல்லாம் கிடையாது" என்று அவசரமாகத் திருத்துவார்கள். ஆஸ்துமா என்றால் தீராத நோய், வீசிங் என்றால் வந்துபோகும் தொல்லை என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில்தான் தினசரி மருந்து அடிபட்டுப் போகிறது. இப்போது என் அறிவிப்புத் தாளில் ஆஸ்துமா என்ற சொல் தலைப்பில் இருப்பதில்லை. "இரவில் இருமலா? மூச்சு வாங்குகிறதா?" என்றுதான் இருக்கும். ஆஸ்துமா என்ற பெயரை, உட்கார்ந்து பேசிப் பழகிய பிறகு சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019இல் உலகில் சுமார் 26 கோடியே 20 லட்சம் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. அந்த ஓராண்டில் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். இறப்புகளில் பெரும்பகுதி குறைந்த வருமான, கீழ்நடுத்தர வருமான நாடுகளில். நோய் எல்லோருக்கும் வருகிறது. அதனால் சாவது யார் என்பதை வீடும் வருமானமும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. இந்த வேலையில் எனக்கு இருக்கும் கோபமும் அக்கறையும் அந்த இடத்திலிருந்து வருகின்றன.

அந்தத் தாய்க்கு அன்று எப்படிப் புரியவைத்தேன் என்று சொல்கிறேன். மூச்சுக்குழாய், வீக்கம், சளி என்று படம் வரைந்து காட்டியதெல்லாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டது. அன்று அவர் வீட்டுச் சுவரைக் காட்டினேன். "இந்த ஈரத்தை என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். துடைப்பதாகச் சொன்னார். துடைத்தால் போகிறதா? இரண்டு நாளில் திரும்ப வந்துவிடும், மேலே குழாய் கசிகிறதே என்றார். "பையனுடைய மூச்சுக்குழாயும் இப்படித்தான். இழுப்பு வரும்போது கொடுக்கிற மருந்து, துடைக்கிற துணி. இந்த டப்பாவில் இருப்பது கசிவை அடைக்கிற மருந்து. சுவர் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே கசிந்துகொண்டே இருக்கிறது அல்லவா?" என்றேன். அவர் சுவரைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், பிறகு அவரே முத்திரைத் தாளைக் கிழித்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுற்றிப் பார்ப்பேன். அந்த வீட்டுக்கான உவமை அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறை. நான் இரண்டாவதாகக் கற்ற பெரிய பாடம் இதுதான். "இன்ஹேலர் போடத் தெரியுமா?" என்று யாரையும் கேட்காதீர்கள். தெரியும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "எப்படிப் போடுகிறீர்கள், ஒருமுறை காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

கிடங்கில் மூட்டை தூக்கும் ஒரு பெரியவர். பத்து ஆண்டுகளாக இன்ஹேலர் பயன்படுத்துகிறார், ஆனாலும் மாடிப்படி ஏற முடியவில்லை. "காட்டுங்கள், ஐயா" என்றேன். பையிலிருந்து எடுத்தார், குலுக்கவில்லை. வாயைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு அழுத்து அழுத்தினார். மருந்து நாக்கின்மேல் பட்டு வெண்புகையாக வாயிலிருந்து வெளியே வந்தது. உடனே இரண்டாவது அழுத்து. அதுவும் அப்படியே. நுரையீரலுக்குப் போயிருக்க வேண்டிய மருந்து பத்து ஆண்டுகளாக அந்த மனிதரின் நாக்கிலும் காற்றிலும் போயிருக்கிறது. "மருந்து எனக்குக் கேட்கவில்லை" என்று அவர் சொல்லி, ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டி வாங்கியிருக்கிறார். அவர் சுவாசிப்பதை ஒருவர்கூட எதிரில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அவருக்கு நான் செய்து காட்டியது இது. மூடியைக் கழற்று, உள்ளே தூசி இருக்கிறதா பார். நன்றாகக் குலுக்கு. நுரையீரலில் உள்ள காற்றை மெதுவாக வெளியே விடு. வாய்ப்பகுதியைப் பற்களுக்கு நடுவில் வைத்து உதட்டால் இறுக்கி மூடு. மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்து, இழுப்பை நிறுத்தாமல் தொடர். பத்து எண்ணும்வரை, முடிந்தவரை, மூச்சை அடக்கு. அடுத்த அழுத்துக்கு அரை நிமிடமாவது பொறுத்து மறுபடி குலுக்கு. தூள் வடிவ இன்ஹேலராக இருந்தால் இதற்கு நேர்மாறு: அங்கே வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டு வகையும் ஒரே வீட்டில் இருந்தால் குழப்பம் நிச்சயம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வண்ணத் தாளை ஒட்டி அடையாளம் வைத்துவிடுவேன்.

நான் காட்டினால் போதாது, அவர் எனக்குத் திரும்பக் காட்ட வேண்டும். தவறினால் "தப்பு" என்று சொல்வதில்லை. "இந்த இடத்தில் நான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை பார்ப்போம்" என்பேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறேன். பெரியவர்களுக்கு முகம் கோணாமல் கற்க வழி கொடுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துப் போனால் பாதிப் பேர் பழைய முறைக்கே திரும்பியிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு சந்திப்பிலும் "காட்டுங்கள்" என்றுதான் பேச்சு தொடங்கும்.

ஸ்பேசர் என்பது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும், மருந்தைத் தேக்கித் தரும் குடுவை. குழந்தைகளுக்கும் கை நடுங்கும் முதியவர்களுக்கும் அது இல்லாமல் இன்ஹேலர் கொடுப்பது பெரும்பாலும் வீண். ஸ்பேசர் கிடைக்காத வீடுகளுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஹீதர் ஜார் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு ஆய்வு செய்து 1999இல் வெளியிட்டார்கள். 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய்ப்பகுதி இறுக்கமாகப் பொருந்தும்படி ஓட்டை போட்டுச் செய்த ஸ்பேசர், குழந்தைகளுக்குக் கடையில் விற்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது என்று அதில் தெரியவந்தது. நான் வகுப்பில் இதைச் செய்து காட்டும்போதுதான் பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து முன்னால் வருகிறார்கள். ஓட்டையைச் சுற்றிக் காற்று கசியக் கூடாது, அதுதான் முக்கியம். ஒரு தடவைக்கு ஒரே அழுத்து, குழந்தை ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விட்டு வாங்க வேண்டும், பிறகுதான் அடுத்தது. கடையில் வாங்கிய ஸ்பேசரானாலும் இதே முறைதான். அதைக் கழுவினால் துணியால் துடைக்காமல் தானாக உலர விட வேண்டும். துடைத்தால் உள்சுவரில் நிலைமின் ஏறி மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

தினசரி தடுப்பு இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டு மருந்து. அதனால் இன்னொரு கேள்வி எல்லா வகுப்பிலும் வரும்: "ஸ்டீராய்டு கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடாதா?" இதைச் சிரித்து ஒதுக்கினால் அந்தக் குடும்பம் அடுத்த வாரம் வராது. நான் கணக்கைப் பலகையில் எழுதுகிறேன். இன்ஹேலரில் ஒரு குழந்தை ஒரு நாளில் எடுக்கும் அளவு 200 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரையில் இருப்பது 5,000 மைக்ரோகிராம். எடைக் கணக்கில் 25 நாள் இன்ஹேலர் ஒரு மாத்திரைக்குச் சமம். இரண்டும் ஒரே மருந்தல்ல என்றாலும் அச்சத்தைத் தணிக்க இந்த ஒப்பீடு போதும். தினசரி இன்ஹேலரைத் தவிர்த்துவிட்டு மோசமான பிறகு அவசரப் பிரிவுக்குப் போனால் அங்கே பெரும்பாலும் கொடுப்பது மாத்திரை ஸ்டீராய்டுதான் என்பதையும் சொல்வேன். வாயில் வெண்படலமும் குரல் கம்மலும் வரக்கூடும், அதற்காகத்தான் போட்ட பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்கிறோம். நீண்டகாலம் எடுக்கும் குழந்தைகளின் உயரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையக்கூடும் என்பதையும் மறைப்பதில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் மக்கள் நம்புகிறார்கள்.

நிவாரண மருந்தை மட்டும் நம்பிக் காலம் தள்ளுவதுதான் நான் அஞ்சும் பழக்கம். பல நாடுகளில் அது நீல நிற இன்ஹேலர். போட்ட சில நிமிடங்களில் நெஞ்சு லேசாகிவிடும், அதனால் அதன்மேல் பெரிய நம்பிக்கை. பிரிட்டனில் ஆஸ்துமா இறப்புகளை ஆராய்ந்த தேசிய மீளாய்வு 2014இல் வெளிவந்தது. நிவாரண மருந்தின் விவரம் கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12க்கும் மேற்பட்ட இன்ஹேலர்கள் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. இறந்தவர்களில் 45 சதவீதம் பேர் மருத்துவ உதவியை நாடாமலோ உதவி வந்து சேருமுன்னோ இறந்திருந்தார்கள். 2019 முதல் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதலான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் குறுகிய நேரம் வேலை செய்யும் நிவாரண மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று மாற்றிச் சொல்கிறது. வகுப்பில் நான் கேட்பது எளிய கேள்வி: "போன வருடம் எத்தனை நீல இன்ஹேலர் தீர்ந்தது?" 200 அழுத்துகள் கொண்டது ஆண்டுக்கு மூன்று தீர்ந்தாலே மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். மாதம் ஒன்று தீர்ந்தால் நாளுக்கு ஆறு அழுத்துக்கு மேல் என்று அர்த்தம். அந்தக் குடும்பத்தை நான் அன்றே அழைத்துப் போகிறேன்.

இதோடு சேர்ந்தது தீர்ந்துபோன இன்ஹேலர். மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மிச்சம் இருக்கும், அழுத்தினால் "புஸ்" என்று சத்தம் வரும். நடுராத்திரியில் அந்தச் சத்தத்தை நம்பி உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது சரியான சோதனை அல்ல. மிச்சமுள்ள அழுத்துகளைக் காட்டும் எண்ணி இன்ஹேலரில் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் தொடங்கிய தேதியை மேலேயே எழுதுங்கள். தினம் இரண்டு அழுத்து என்றால் 200 அழுத்துகள் நூறாவது நாளில் தீரும்.

வீட்டுச் சூழலைப் பற்றிப் பேசும்போதுதான் என்னைப் போன்றவர்கள் அதிகம் தவறுகிறோம். "வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு ஏழைப் பெண்ணிடம் சொல்வது அவமானப்படுத்துவது. அவர் நம்மைவிட அதிகமாகத் துடைக்கிறார். கரப்பான் பூச்சி பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது, கசிவு மேல்மாடியிலிருந்து வருகிறது, புகை சாலையிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் பெருநகரங்களில் வறிய பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள் 1997இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கரப்பான் பூச்சிக்கு ஒவ்வாமை கொண்டு, படுக்கையறையிலும் அதன் கழிவுத்துகள் அதிகம் இருந்த குழந்தைகள்தான் மற்றவர்களைவிட அதிகமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பிறகு ஏழு நகரங்களில் 937 குழந்தைகளின் வீடுகளில் ஓராண்டு வேலை செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சோதித்து, அதற்கேற்ற உதவியை வீட்டிலேயே செய்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி அறிகுறி உள்ள நாட்கள் குறைந்தன. உதவி நின்ற அடுத்த ஆண்டிலும் அந்தப் பலன் நீடித்தது.

எனக்கு அதிலிருந்து கிடைத்த பாடம்: அறிவுரையோடு பொருளையும் கொண்டுபோக வேண்டும். உணவை மூடிவைக்க டப்பா, கரப்பானுக்குத் தெளிப்பான் வேண்டாம், இரைப்பசை. தெளிப்பான் மருந்தே மூச்சை அடைத்துவிடும். தலையணைக்கும் மெத்தைக்கும் தூசிப்பூச்சி புகாத உறை. புகைப்பவர் வீட்டில் இருந்தால் அவரைத் திட்டுவதில் பயனில்லை. விட விரும்பும் நாளில் உதவி எங்கே கிடைக்கும் என்ற முகவரியைக் கையில் கொடுத்துவிட்டு, அதுவரை வெளியே போய்ப் புகைக்கும்படி கேட்டுக்கொள்வேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்வதில்லை. ஒரு சந்திப்புக்கு ஒரு மாற்றம், அதையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

காற்று மாசைப் பற்றிச் சொல்ல எனக்கு முன்பு தயக்கம். அவர்களால் மாற்ற முடியாத ஒன்றைச் சொல்லி ஏன் கலங்கவைக்க வேண்டும் என்று நினைத்தேன். எலா கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமியின் வழக்கு அந்த எண்ணத்தை மாற்றியது. லண்டனில் போக்குவரத்து மிகுந்த சாலைக்கு அருகில் வசித்த அவள், 2013இல் ஒன்பது வயதில் ஆஸ்துமாவால் இறந்தாள். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி காற்று மாசும் அவள் இறப்புக்குக் காரணம் என்று தீர்ப்பளித்தார். மாசு ஆஸ்துமாவை மோசமாக்கும் என்ற தகவல் அவளுடைய தாயிடம் சொல்லப்படவில்லை என்றும், சொல்லியிருந்தால் அவர் நடவடிக்கை எடுத்திருப்பார் என்றும் அதில் பதிவானது. தகவலை மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று அதைப் படித்த அன்று முடிவு செய்தேன். நெரிசல் நேரத்தில் சாலைப் பக்கச் சன்னலை மூடுவது, பள்ளிக்கு உள்தெரு வழியாக நடப்பது என்று செய்யக்கூடியதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வகுப்பு எப்போது, எங்கே என்பதும் பாடத்தைப் போலவே முக்கியம். நாள் கூலிக்காரரைப் பகல் பதினொரு மணிக்கு அழைத்தால் வர மாட்டார். மாலை ஏழு மணிக்கு, குடியிருப்புக்குள்ளேயே, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றால் வருவார். குழந்தைகளைத் தனியாக உட்காரவைத்துக் கற்றுக்கொடுங்கள். அமெரிக்காவில் எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளில் நடக்கும் திட்டத்தில் நாற்பது நிமிடப் பாடங்கள் ஆறு இருக்கின்றன. என் அனுபவத்திலும் வீட்டில் முறையை மறக்காமல் வைத்திருப்பது அந்த வயதுப் பிள்ளைகள்தான். மூட்டை தூக்கும் பெரியவரை இப்போது திருத்துவது அவருடைய பேத்தி.

கடைசியாகக் கதவின் பின்புறம் ஒட்டும் தாள். மருத்துவர் எழுதித் தரும் செயல்திட்டத்தை மூன்று வண்ணமாகப் பிரித்து, எழுத்தைக் குறைத்துப் படமாக்கி ஒட்டுகிறேன். சிவப்புப் பகுதியில் இருப்பவை: ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு இடையே தோல் உள்வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது, நிவாரண மருந்து கேட்கவில்லை. சீட்டிச் சத்தம் திடீரென்று நின்று குழந்தை சோர்ந்துவிட்டால் அது தேறிவிட்ட அடையாளம் அல்ல, காற்றே போகவில்லை என்று அர்த்தம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, நிமிர்த்தி உட்காரவைத்து, தாளில் எழுதியபடி ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு அழுத்தாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். படுக்கவைக்கக் கூடாது. "ராத்திரி இரண்டு மணி, பையன் இப்படி உட்கார்ந்திருக்கிறான். முதலில் எதைத் தொடுவீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் எழுந்துபோய் அதை எடுத்துக் காட்டும்வரை நான் கிளம்புவதில்லை.

அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குப் போன வாரமும் போயிருந்தேன். பையன் தானே ஓடிப்போய் இன்ஹேலரை எடுத்துவந்து எண்ணியைக் காட்டினான்: 86. கணக்கு சரியாக வந்தது. நான்கு மாதமாக அவசரப் பிரிவுப் பக்கம் போகவில்லை. ஆனால் சுவரின் ஈரம் அப்படியேதான் இருக்கிறது. கசிவைச் சரிசெய்யக் கேட்டு மருத்துவரின் கடிதத்தோடு வீட்டு உரிமையாளருக்கு இரண்டு முறை எழுதிவிட்டோம், பதில் இல்லை. மூன்றாவது கடிதம் தயாராகிவிட்டது. இந்த முறை அதே கட்டடத்தில் இருக்கும் மற்ற ஐந்து வீட்டாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அதை நேரில் கொடுக்கப் போகிறோம்.